கைப்பிடிக்குத்தான் காசு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள். இல்லாதவர்கள் லைக் மட்டும் போட்டுவிட்டு ஓடாமல், சேமித்து வைத்து ஞாயிற்றுக்கிழமை படியுங்கள்.

ஒயின் பாட்டிலின் தக்கையைப் பிடுங்கும் கார்க் ஸ்க்ரூவைப் பற்றி எழுதப் போகிறேன். "சார் எப்போதிலிருந்து இந்தப் பக்கம் வந்தார்?" என்று கேட்கப் போகும் பழைய மாணவர்களுக்கு முன்கூட்டியே பதில் சொல்லிவிடுகிறேன். நான் குடிப்பதில்லை. குடிக்கச் சொல்லி யாருக்கும் எழுதவும் இல்லை. முப்பத்தோரு ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்தியவன். திருகு, நெம்புகோல், உராய்வு மூன்றையும் ஒரு சாண் நீளம்கூட இல்லாத ஒரே பொருளில் காட்ட வேண்டுமென்றால் இதைவிட நல்ல பொருள் கிடைக்காது. பேசுவதற்கு அந்தத் தகுதி போதும் என்று நினைக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். மாட்டுக் கொம்பில் கைப்பிடி போட்ட ஒரு பிரெஞ்சு கார்க் ஸ்க்ரூவின் படத்தை என் மாணவர்கள் இருவர் பகிர்ந்திருந்தார்கள். இருவரும் பெங்களூரில் நல்ல வேலையில் இருப்பவர்கள். இறக்குமதி வரியெல்லாம் சேர்த்து விலை முப்பதாயிரம் ரூபாயைத் தொடுகிறது. "டிசைன் என்றால் இதுதான்" என்று மேலே ஒரு வரி. கீழே நூற்றுக்கணக்கில் இதயக் குறிகள். பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை, அவர்கள் சம்பாத்தியம், அவர்கள் ரசனை. அந்த 'டிசைன்' என்ற சொல்லோடுதான் எனக்கு வழக்கு.

என் கட்சியைப் பளிச்சென்று சொல்லிவிடுகிறேன். அந்த முப்பதாயிரம் ரூபாய்ப் பொருள் நல்ல டிசைன் இல்லை. ஐந்நூறு ரூபாய்க் கருவியைவிட ஒரு படி பின்தங்கிய டிசைன். விலை ஏறும்போது அதில் சேர்ந்தது கொம்பும் பளபளப்பும். அதில் இல்லாமல் போனது, வேலை செய்கிறவன் மணிக்கட்டைக் காப்பாற்றுவதற்காக வந்த ஒரு சின்ன மூட்டு. வாய்க்கு வந்ததைப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கணக்கோடு சொல்கிறேன்.

ஒயின் பாட்டிலுக்குப் போடும் தக்கையின் விட்டம் சாதாரணமாக 24 மில்லிமீட்டர். பாட்டில் கழுத்தின் உள்விட்டம் பதினெட்டரை மில்லிமீட்டர் அளவுதான். தக்கையை நெருக்கிப் பிடித்து உள்ளே இறக்கிவிடுகிறார்கள். இறங்கியதும் அது விரியப் பார்க்கும். விரிய இடமில்லை. அதனால் சுற்றிலும் கண்ணாடியை அழுத்திக்கொண்டே ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். அந்த உராய்வைத் தாண்டி அதை வெளியே இழுக்க 20 முதல் 40 கிலோ எடையைத் தூக்குவதற்கான விசை வேண்டும். புரியும்படி சொன்னால், பாதி மூட்டை சிமெண்ட்டை ஒற்றைக் கையால் தூக்குகிற மாதிரி.

இதற்கு இரண்டு உதவிகள். முதலாவது திருகு. நல்ல திருகு என்பது நடுவில் வெற்றிடம் உள்ள சுருள் கம்பி. ஒரு தீக்குச்சியை அதன் நடுவே நுழைத்தால் தடையில்லாமல் போகும். மலிவான சிலவற்றில் நடுவில் ஒரு தண்டும், அதைச் சுற்றி மரத்திருகாணி போல மரையும் இருக்கும். அது தக்கையைப் பிடிக்காது, குடையும். இழுத்தால் தூளாக வரும். சுருள் அப்படியில்லை. தக்கையின் திசுவைக் கிழிக்காமல் ஒரே தடத்தில் வழுக்கிக்கொண்டு இறங்கி, இழுக்கும்போது பாரத்தை அத்தனை சுற்றுகளுக்கும் பகிர்ந்து கொடுக்கும். சாய்தளத்தைச் சுருட்டினால் திருகு என்று கரும்பலகையில் முக்கோணக் காகிதம் ஒட்டிப் பென்சிலில் சுற்றிக் காட்டுவேனே, ஞாபகம் இருக்கிறதா? அதேதான்.

இரண்டாவது நெம்புகோல். ஒரு முனையில் ஆதாரம், நடுவில் பாரம், மறுமுனையில் நம் கை. இரண்டாம் வகை. நம் வீட்டுப் பாக்குவெட்டியும் இதே வகைதான். என் மாணவன் ஒருவன் கொண்டுவந்த கருவியை ஸ்கேல் வைத்து அளந்தேன். மூட்டிலிருந்து திருகு தொங்கும் இடம் 30 மில்லிமீட்டர். கைப்பிடியின் கடைசி வரை 115. ஏறக்குறைய நான்கு மடங்கு லாபம். ஆக, 40 கிலோ என்பது கையில் 10 கிலோவாகக் குறைகிறது.

இதுவரை முப்பதாயிரமும் ஐந்நூறும் சமம். இனிதான் வேறுபாடு.

நெம்புகோலைத் தூக்கும்போது திருகு நேர்கோட்டில் மேலே போவதில்லை. மூட்டை மையமாகக் கொண்ட ஒரு வட்ட வில்லில் போகிறது. ஆரம் 30 மில்லிமீட்டர். தக்கையின் நீளம் 45. முழுத் தக்கையையும் ஒரே வீச்சில் தூக்க வேண்டுமானால், கிடைமட்டத்துக்குக் கீழே 48 பாகையிலிருந்து மேலே 48 பாகை வரை கைப்பிடி சுழல வேண்டும். அந்த வில்லின் ஓரங்களில் திருகு பக்கவாட்டில் எவ்வளவு நகரும்? ஆரத்தை, ஒன்றிலிருந்து கொசைன் 48 கழித்ததால் பெருக்குங்கள். 10 மில்லிமீட்டர் வரும். பதினெட்டரை மில்லிமீட்டர் வாயில் 10 மில்லிமீட்டர் பக்கவாட்டு இழுப்பு! அதை யாராவது ஏற்றுக்கொள்ள வேண்டுமே. ஒன்று, பாட்டில் விளிம்பில் நிற்கும் கால் சாய்ந்து வழுக்கும். அல்லது தக்கை வளைந்து பாதியில் ஒடியும். இரண்டும் நடக்காமல் இருக்க வேண்டுமென்றால், பிடித்திருப்பவன் மணிக்கட்டை முறுக்கி ஈடுகட்ட வேண்டும்.

இப்போது அந்தக் காலில் ஒரு மூட்டுப் போட்டு இரண்டு படிகளாக்குங்கள். முதல் படியை விளிம்பில் வைத்துப் பாதித் தூரம், இரண்டாம் படியை வைத்து மீதித் தூரம். ஒவ்வொரு தடவையும் தூக்க வேண்டியது 22 மில்லிமீட்டர்தான். கைப்பிடி 21, 22 பாகைதான் மேலும் கீழும் போகும். பக்கவாட்டு நகர்வு இரண்டு மில்லிமீட்டர். பத்து இரண்டாகிவிட்டது. கிட்டத்தட்ட நேராகவே இழுக்கிறது. ஒரே ஒரு கூடுதல் ஆணியும் ஒரு துண்டுத் தகடும் செய்த வேலை இது. ஸ்பெயினில் பிறந்த 'புல்டாப்ஸ்' என்ற இரட்டை மூட்டுக் கருவி இப்படித்தான் உலகம் முழுக்க உணவகச் சிப்பந்திகளின் பைக்குள் போய்ச் சேர்ந்தது. அதைப் பார்த்துச் செய்த நகல்களும் எங்கும் கிடைக்கின்றன.

அந்த பிரெஞ்சு ஆடம்பர வகையறாக்களை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் இன்னமும் ஒற்றைக் கால்தான். ஏன்? இரண்டாவது மூட்டு வைத்தால் அந்த மெல்லிய வளைவு கெட்டுவிடும். மடக்கி வைக்கும்போது முதுகுக்கோடு ஓடையாக ஓடாமல் ஒரு முடிச்சு தெரியும். கண்ணுக்கு உறுத்தும். கண்ணுக்காக மணிக்கட்டு. இதற்குப் பெயர் டிசைனாம்! தேர்ந்த கைக்காரர் ஒற்றைக் காலிலும் சமாளிப்பார், பாதி தூக்கி, இன்னும் ஒரு சுற்றுத் திருகி, மறுபடி தூக்குவார் என்பது எனக்குத் தெரியும். கருவியின் குறையைத் திறமையால் ஈடுகட்டுவது அவருடைய பெருமை. கருவிக்கு அதில் என்ன பெருமை?

இந்தக் கருவியின் வரலாற்றை எடுத்துப் பார்த்தால் இந்தப் பின்னடைவு இன்னும் நன்றாகத் தெரியும். துப்பாக்கிக் குழாய்க்குள் சிக்கிய அடைப்பை எடுக்கும் சுருள் கம்பிதான் இதற்கு மூதாதை என்பார்கள். 1681இல் இங்கிலாந்தில் நெகெமியா குரூ எழுதிய அருங்காட்சியகப் பட்டியலில் தக்கை பிடுங்கும் எஃகுச் சுருள் பற்றிய பேச்சு வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வந்த நல்ல முன்னேற்றம் ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய கை வலியிலிருந்து பிறந்தது.

1795இல் சாமுவேல் ஹென்ஷால் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் காப்புரிமை வாங்குகிறார். கார்க் ஸ்க்ரூவுக்குக் கொடுக்கப்பட்ட முதல் காப்புரிமை அதுதான். என்ன செய்தார்? திருகின் மேல் முனையில் ஒரு சின்னத் தட்டு வைத்தார். அவ்வளவே. திருகு முழுக்க இறங்கியதும் தட்டு தக்கையின் தலையில் அழுந்தும். மேலும் திருகினால் தக்கையே பாட்டிலுக்குள் சுழலும். கண்ணாடியோடு ஒட்டியிருந்த பிடி விட்டுப்போகும். அப்புறம் இழுப்பது சுலபம். நீராவி எந்திரத்தில் ஜேம்ஸ் வாட்டின் கூட்டாளியாக இருந்த மாத்யூ போல்டனோடு சேர்ந்து இதைச் செய்வித்தார். நிலை உராய்வுக்கும் இயக்க உராய்வுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு தட்டை வைத்துக்கொண்டு தீர்த்த மனிதர். வகுப்பில் இரண்டு பீரியட் எடுத்தாலும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்ல வராது.

1882இல் ஜெர்மனியின் ரோஸ்டாக் நகரத்து கார்ல் வீன்கே. நாம் மேலே பார்த்த நெம்புகோல் கருவி அவருடையது. உறையை வெட்டக் கத்தி, திருகு, கால், மூன்றும் மடங்கி சட்டைப்பைக்குள் போய்விடும். சிப்பந்தியின் தோழன் என்ற பொருளில்தான் ஆங்கிலத்தில் அதற்குப் பெயரே. யாருக்காகச் செய்தது என்பது பெயரிலேயே இருக்கிறது. விருந்தாளி ரசிப்பதற்காக இல்லை.

அப்புறம் அமெரிக்காவில் ஹூஸ்டனைச் சேர்ந்த ஹெர்பர்ட் ஆலன். எண்ணெய்க் கிணறு தோண்டும் தளவாடங்களில் ஊறிய பொறியாளர். 1970களின் கடைசியில் 'ஸ்க்ரூபுல்' என்ற ஒன்றைக் கொண்டுவந்தார். நீளமான திருகு, அதன் மேல் டெஃப்லான் பூச்சு, பாட்டில் கழுத்தைக் கவ்விக்கொள்ளும் ஒரு சட்டம். ஒரே திசையில் திருகிக்கொண்டே இருந்தால் போதும். திருகு இறங்கி முடிந்ததும் தக்கை தானாக அதன் மேல் ஏறி வரும். இழுக்கவே வேண்டாம். மூட்டுவலிக்காரர்கள்கூட திறக்கலாம். பார்க்க ஒரு அழகும் கிடையாது. எனக்குக் கேட்டால், இந்தக் கருவியின் வரலாற்றிலேயே அழகானது இதுதான்.

இந்த மூவருக்கும் பிறகு ஆடம்பரக்காரர்கள் சேர்த்தது என்ன? ஒரு விளம்பரத்தை எடுத்து எழுத்து எழுத்தாகப் படியுங்கள். கைப்பிடி எந்த மரம், எந்த மாட்டின் கொம்பு, பழைய ஒயின் பீப்பாயின் ஓக் பலகையா, உறைபனிக்கு அடியில் கிடந்த மாமூத் யானையின் தந்தமா (ஆமாம், அதிலும் செய்கிறார்கள்), எந்தப் பெட்டியில் வரும், எத்தனை கைகள் மாறி உருவானது. திருகு எத்தனை சுற்று, நடுவில் துளை உண்டா, கால் எத்தனை படி என்று தேடினால் கடைசியில் ஒரு மூலையில் இருக்கும், பல இடங்களில் அதுவும் இருக்காது. வேலை செய்யும் உறுப்பைப் பற்றி மௌனம். வேலை செய்யாத உறுப்பைப் பற்றிக் காவியம்.

இதில் அதிகம் புகழ்பெற்ற பெயர் 'லயோல்'. தென் பிரான்சில் அவெய்ரோன் பகுதியில், ஓப்ராக் மேட்டுநிலத்தில் இருக்கும் ஒரு சின்னக் கிராமம் அது. அதன் கத்தி 19ஆம் நூற்றாண்டில் மாடு மேய்ப்பவர்களின் கத்தி. அந்தக் கத்தியில் கார்க் ஸ்க்ரூ வந்து சேர்ந்த கதை எனக்குப் பிடிக்கும். அந்த மலைக் கிராமங்களில் பிழைப்பில்லாமல் ஆட்கள் பாரிஸுக்குப் போனார்கள். கரி விற்றார்கள், கடை வைத்தார்கள், உணவகங்களில் பரிமாறினார்கள். அவர்களுக்காகத்தான் 1880 வாக்கில் ஊர்க் கத்தியில் தக்கைத் திருகும் ஏறியது என்று சொல்கிறார்கள். பஞ்சம் பிழைக்கப் போனவன் கைக்குச் செய்த பொருள். இன்று அதை வெல்வெட் பெட்டியில் வைத்து அடையாளப் பொருளாக விற்கிறார்கள்.

அந்த அடையாளத்துக்கு உண்டான நிலைமையையும் கேளுங்கள். லயோல் என்ற பெயர் ஒரு கத்தி வகையின் பொதுப்பெயராகிவிட்டதால், யார் வேண்டுமானாலும் அந்தத் தேனீ முத்திரையைக் குத்தி விற்கலாம். சீனாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் வந்து குவிகின்றன. 1993இல் அந்தக் கிராமத்துக்குத் தொடர்பே இல்லாத ஒரு வணிகர் ஊரின் பெயரையே வணிகச் சின்னமாகப் பல பொருள்களுக்குப் பதிவு செய்துகொண்டார். கிராமம் வழக்குப் போட்டது. 2012இல் பாரிஸ் நீதிமன்றம் கிராமத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்ல, ஊர்க்காரர்கள் ஊர் எல்லையில் நின்ற பெயர்ப் பலகையைக் கழற்றித் தங்கள் எதிர்ப்பைக் காட்டினார்கள். சொந்தப் பெயரைச் சொந்த ஊர் பயன்படுத்த முடியாத நிலை அன்று இருந்தது. ஆக, நீங்கள் அதிக விலை கொடுத்து வாங்கும் 'பாரம்பரியம்' யாருடையது என்பதே கோர்ட்டு வாசலில் நின்ற சமாச்சாரம்.

தார்ஸ்டீன் வெப்ளென் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1899இல் எழுதிய 'ஓய்வு வர்க்கத்தின் கோட்பாடு' நூலில் ஒரு கரண்டிக் கணக்கு போடுகிறார். கையால் அடித்த வெள்ளிக் கரண்டி பத்து, இருபது டாலர். எந்திரம் செய்த அலுமினியக் கரண்டி பத்து, இருபது காசு. சாப்பிடுவதற்கு இரண்டும் ஒன்றே. ஆனாலும் முதலாவதுதான் நமக்கு அழகாகத் தெரிகிறது, ஏனென்றால் அதன் விலையைத்தான் நாம் அழகு என்று பார்க்கிறோம் என்பது அவர் வாதம். நம் கார்க் ஸ்க்ரூ வெப்ளெனையும் தாண்டிவிட்டது. அவர் கரண்டிகளாவது வேலையில் சமம். இங்கே விலை கூடியது வேலையில் குறைவு.

இனி என் மாணவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் இதையெல்லாம் அளந்து பார்க்கக் காரணமே அவன்தான்.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்னால் பிளஸ் டூ முடித்தவன். அப்பாவுக்குச் சைக்கிள் கடை. கேட்டரிங் படித்தான், வளைகுடாவில் ஓர் ஓட்டலில் இருந்தான், இப்போது ஒரு பயணிகள் கப்பலில் ஒயின் பரிமாறும் வேலை. போன விடுமுறையில் வீட்டுக்கு வந்தவன் வலது மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்தான். கூட்டமான இரவுகளில் அறுபது பாட்டில் வரை திறப்பானாம். பல வருடமாக இரட்டை மூட்டுக் கருவியில் திறந்துகொண்டிருந்தான், ஒன்றும் ஆகவில்லை. புதிதாக வந்த மேலாளர் விருந்தினர் மேசையில் அது மலிவாகத் தெரிகிறது என்று தடுத்துவிட்டார். கொம்புக் கைப்பிடி போட்ட ஒற்றைக் கால் கருவிதான் மேசைக்கு வர வேண்டும். விலை அவன் சம்பளத்தில் தவணையாகப் பிடித்தமாம். கருவியும் அவன் காசு, வலியும் அவன் கை.

"மேசைக்கு முன்னால இது சார், உள்ள பேன்ட்ரில அது," என்று இரண்டையும் என் மேசையில் வைத்தான். பெரிய கூட்டம் என்றால் உள்ளேயே பழைய கருவியால் பாதி தூக்கி வைத்துவிட்டு, வெளியே வந்து கொம்புக் கைப்பிடியால் மீதியைத் திறப்பது போல் காட்டுவார்களாம். எல்லாச் சிப்பந்திகளும் அப்படித்தானாம். நாடகத்துக்கு ஒரு கருவி, வேலைக்கு ஒரு கருவி.

"ஏம்ப்பா, அவர்கிட்ட சொல்லலையா?"

"சொன்னேன் சார். 'கெஸ்டுக்கு உன் கை தெரியாது, உன் கையில இருக்கிறதுதான் தெரியும்'னாரு."

ஒரு கருவியின் தோற்றத்துக்காக அதைப் பிடித்திருக்கும் கையைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம் என்று ஒரு மேலாளருக்குத் தோன்றுகிறது. அந்தத் தைரியம் அவருக்கு எங்கிருந்து வந்தது? 'டிசைன் என்றால் இதுதான்' என்று நாம் இங்கே இதயக் குறி போடுவதிலிருந்தும்தான்.

மறுப்புகள் வரும். வரட்டும், சிலவற்றுக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்.

"கைவினைஞர் பிழைக்க வேண்டாமா?" வேண்டும். பிரான்சில் தியேர் நகரத்திலும் லயோலிலும் ஒரு கத்தியைத் தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே ஆள் பொருத்தி, முதுகு வில்லில் அரத்தால் பூ வேலை செய்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அந்தக் கைக்கு என் வணக்கம். ஆனால் அந்த ஆளிடம் இரண்டாவது மூட்டு வைத்துக் கொடு என்றால் வைக்கத் தெரியாதா என்ன? அவர் திறமையை வேலை செய்யும் இடத்தில் செலவழிக்கக் கேட்கவில்லை நாம், காட்டும் இடத்தில் செலவழிக்கக் கேட்கிறோம். சந்தை கேட்பதைத்தான் அவர் செய்வார்.

"விலை அதிகம் என்றாலே உங்களுக்கு ஆகாது." இல்லையே. பல பத்தாண்டுகள் கிடந்த பாட்டிலில் தக்கை இற்றுப்போயிருக்கும். சாதாரணத் திருகு போட்டால் உதிரும். அதற்கென்றே திருகையும், பக்கத்தில் செருகும் இரண்டு மெல்லிய தகடுகளையும் இணைத்து 'டியுராண்ட்' என்று ஒன்று அமெரிக்காவில் விற்கிறார்கள். நூறு டாலருக்கு மேல். தாராளமாகக் கொடுக்கலாம். வேறு எதனாலும் ஆகாத ஒரு வேலையை அது செய்கிறது. இங்கிலாந்தின் கார்ன்வாலில் ராப் ஹிக்ஸ் என்ற சிற்பி வெண்கலத்தில் ஒரு ராட்சதக் கார்க் ஸ்க்ரூ செய்தார். பற்சக்கரமும் கப்பியும் நெம்புகோலுமாக நூற்றுக்கணக்கான உறுப்புகள். கைப்பிடியைச் சுற்றினால் அதுவே தக்கையைப் பிடுங்கி ஒயினை ஊற்றும். பெரும் பணக்காரர்கள்தான் வாங்க முடியும். அதிலும் எனக்குச் சண்டை இல்லை. அது தன்னைக் கருவி என்று சொல்லிக்கொள்ளவில்லை, திருவிழா பொம்மை. நம் ஊர்ப் பையன்கள் பார்த்தால் கைதட்டுவார்கள்.

இத்தாலியின் அலெஸ்ஸி நிறுவனத்துக்கு அலெஸ்ஸாண்ட்ரோ மெண்டினி 1994இல் வடிவமைத்த 'அன்னா ஜி' உலகப் புகழ். சிரிக்கும் பெண் உருவம், தலையைத் திருகினால் இரண்டு கைகளும் உயரும். அடியில் இருப்பது பழைய இறக்கை வகைக் கார்க் ஸ்க்ரூதான். இரண்டு கைகளையும் உயர்த்திப் பேசும் வழக்கத்தால் பிரெஞ்சுக்காரர்கள் அந்த வகைக்கு அதிபர் தெகோலின் பெயரை வைத்துக் கேலி செய்வார்கள். நகைச்சுவை அங்கேயே முடிந்துவிட்டது, மெண்டினி அதற்கு கவுன் போட்டார்.

"அழகு வேண்டாமா சார்?" இதைத்தான் நிறையப் பேர் கேட்பீர்கள். நம் பாட்டிமார்களின் பாக்குவெட்டியை நினைத்துப் பாருங்கள். பித்தளையில் கிளி, மயில், குதிரை. எவ்வளவு அழகு! ஆனால் அந்தக் கிளியின் அலகு மழுங்கியிருந்தால், அச்சாணி ஆடினால், பாட்டி அதை மறுநாளே பழைய பாத்திரக்காரரிடம் போட்டுவிடுவார். நாளைக்கு இருபது தடவை பாக்கு வெட்டுகிறவர் அவர். வேலை சரியாக இருந்ததற்கு மேல்தான் கிளி உட்கார்ந்தது. வெற்றிலை போடுவது நின்றபிறகு அதே பாக்குவெட்டி கண்ணாடி அலமாரிக்குப் போய்விட்டது. இப்போது புதிதாகச் செய்து விற்கும் 'ஆன்டிக்' பாக்குவெட்டியில் பாக்கை வைத்து வெட்டிப் பாருங்கள், தெரியும்.

கார்க் ஸ்க்ரூவுக்கும் அதுதான் நடந்துகொண்டிருக்கிறது. தக்கையில் சில சமயம் உருவாகும் ஒரு வேதிப்பொருள், டி.சி.ஏ. என்பார்கள், ஒயினுக்கு ஈரத்துணி நாற்றம் கொடுத்துவிடும். அதில் நொந்துபோன ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கு ஒயின்காரர்கள் 2000இல் கூட்டாகத் திருகு மூடிக்கு மாறினார்கள். அடுத்த ஆண்டே நியூசிலாந்துக்காரர்கள் அதற்கென்று ஓர் அமைப்பு தொடங்கினார்கள். இன்று அந்த நாட்டு பாட்டில்களில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் திருகு மூடிதான். இருமல் மருந்து பாட்டில் மாதிரி கையால் திருகினால் திறந்துவிடும். கருவியே வேண்டாம். தேவை குறையக் குறைய விலை ஏறுகிறது. கைக்கு வேலை இல்லாத இடத்தில் கண்ணுக்கு விற்கிறார்கள்.

தக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலகத் தக்கையில் ஏறக்குறைய பாதி போர்ச்சுகலிலிருந்து வருகிறது. அந்த ஓக் மரத்தை வெட்டுவதில்லை, பட்டையை மட்டும் கோடரியால் உரிக்கிறார்கள். நட்டு 25 ஆண்டு கழித்து முதல் உரிப்பு. பிறகு ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை. முதல் இரண்டு தடவை உரித்த பட்டை பாட்டிலுக்கு ஆகாது. மூன்றாவது தடவைதான், அதாவது நட்டு 43 ஆண்டு கழித்துத்தான், நல்ல தக்கை. எந்த வருடம் உரித்தார்கள் என்பதற்கு வருடத்தின் கடைசி எண்ணை மரத்தின் மேலேயே வெள்ளைச் சுண்ணாம்பு போலப் பெயின்டில் எழுதி வைப்பார்கள். கோடரி ஒரு விரல் ஆழம் அதிகம் போனால் மரம் கெட்டுவிடும். அவ்வளவு நுணுக்கமான கைவேலை. 43 ஆண்டு காத்திருந்து, கை நடுங்காமல் உரித்த பட்டை அது. கைப்பிடிக் கொம்பைப் பற்றி மூன்று பத்தி எழுதும் விளம்பரத்தில் இந்தப் பட்டைக்கு ஒரு வரி கிடையாது.

என் மாணவன் போன வாரம் கப்பலுக்குத் திரும்பிவிட்டான். மணிக்கட்டுக்கு இரண்டு மாதப் பயிற்சி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், செய்கிறானா தெரியவில்லை. கப்பலிலும் ஓட்டலிலும் வேலை பார்க்கும் என் பிள்ளைகள் வேறு யாராவது இதைப் படித்தால், உங்கள் சட்டைப்பையில் உண்மையில் என்ன இருக்கிறது என்று கீழே எழுதுங்கள். ஊர், நிறுவனம் பெயரெல்லாம் வேண்டாம், வேலைக்கு வம்பாகிவிடும்.

படம் போட்டு என்னோடு வாதாட வருகிறவர்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை. கைப்பிடியை எடுக்காதீர்கள், அதை நிறையப் பார்த்தாயிற்று. மடக்கைத் திறந்து, திருகையும் காலையும் அருகில் வைத்து எடுங்கள். திருகின் நடுவே ஒரு தீக்குச்சியையும் செருகி வையுங்கள்.